பிரீக்வல்னா மூலப்பத்திரம்: 'காந்தாரா சாப்டர் 1' சண்டையும் நம்ம காஞ்சிபுரமும்

காஞ்சிபுரத்துல இருந்து பேசறேன். இது எபிசோடோட எடிட் பண்ண எழுத்து வடிவம். "ம்ம்", "அதாவது" எல்லாம் வெட்டியாச்சு. ஒரே ஒரு எச்சரிக்கை: ரெண்டு 'காந்தாரா' படத்தோட கதையும் இதுல வரும். படம் பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க, பக்கம் எங்கயும் ஓடிப்போகாது.

'காந்தாரா சாப்டர் 1' 2025 அக்டோபர் 2-ம் தேதி வந்தது. அதுக்கு அப்புறம் நமக்கு வந்த வாய்ஸ் நோட்ஸ் எல்லாத்தையும் ரெண்டு குவியலா பிரிச்சிடலாம். ஒரு குவியல், "ப்ரோ, புல்லரிச்சுப் போச்சு, முதல் படத்தை விட பத்து மடங்கு." இன்னொரு குவியல், "ஏன் ப்ரோ இதை எடுத்தாங்க? முதல் படத்துல இருந்த மேஜிக்கே போச்சு." நடுவுல யாருமே இல்ல. ஒரே படத்துக்கு இப்படி நேரெதிரா ரெண்டு கருத்து வருதுன்னா, ரசனை வித்தியாசம் மட்டும் காரணமா இருக்காது. பிரீக்வல் என்ன வேலை செய்யணும்ங்கறதுலயே நமக்குள்ள ஒத்துமை இல்லன்னு தோணுது. இன்னைக்கு அதைப் பிரிச்சுப் பார்க்கலாம்.

முதல்ல, பிரீக்வல் எப்படி வேலை செய்யுது?

சீக்வல் எழுதறவருக்கு முன்னாடி காலியான ரோடு. கதை எங்க வேணா போகலாம். பிரீக்வல் எழுதறவருக்கு போய்ச் சேர வேண்டிய ஸ்டாப் ஏற்கெனவே ஃபிக்ஸ் ஆயிடுச்சு. யார் பிழைப்பாங்க, எந்த ஊர் மிஞ்சும், எந்த சாமி எந்தக் காட்டுல இருக்கும்னு பார்க்கறவங்களுக்கு முன்னாடியே தெரியும். அதனால "அடுத்து என்ன ஆகும்?"ங்கற கேள்வியை வெச்சு மட்டும் ஒரு பிரீக்வல் ஓட முடியாது. "இது எப்படி இப்படி ஆச்சு?"ங்கற கேள்வி வேணும்.

'பாகுபலி' இதுக்கு நல்ல உதாரணம். 2015-ல வந்த முதல் பாகம் ஒரு கேள்வியோட முடிஞ்சது: கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்னார்? 2017-ல வந்த ரெண்டாம் பாகத்தோட பெரும்பகுதி பழைய கதைதான், அதாவது உள்ளுக்குள்ள ஒரு பிரீக்வல். பாகுபலி சாகப்போறார்னு எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஊரே போய்ப் பார்த்துச்சு. ஏன்னா கேள்வியை முதல்லயே நம்ம கையில கொடுத்து ரெண்டு வருஷம் காய வெச்சுட்டாங்க. அதே 'பாகுபலி'க்கு, சிவகாமியோட இளமைக் காலத்தை வெச்சு நெட்ஃப்ளிக்ஸ் 2018-ல ஒரு பிரீக்வல் தொடரை அறிவிச்சது. ஷூட்டிங் எல்லாம் நடந்தது, கடைசி வரைக்கும் வெளிய வரல. சிவகாமி சின்ன வயசுல எப்படி இருந்தாங்கன்னு கேட்டு யாரும் தூக்கம் கெட்டு உட்காரலங்கறதும் உண்மைதான்.

சரி, 'காந்தாரா'வுக்கு வருவோம்

2022 செப்டம்பர் கடைசியில கன்னடத்துல வந்த 'காந்தாரா', அக்டோபர் நடுவுல தமிழ் டப்பிங்ல நம்ம ஊருக்கு வந்தது. ரிஷப் ஷெட்டி எழுதி, இயக்கி, நடிச்ச படம். தயாரிப்பு ஹொம்பாளே. 16 கோடி அளவுல எடுத்ததா செய்திகள் சொன்னது. அப்புறம் சிறந்த நடிகருக்கான தேசிய விருது வரைக்கும் போச்சு.

கதையோட அடித்தளம் ரொம்ப எளிமை. 1847-ல ஒரு ராஜாவுக்கு மனநிம்மதி இல்ல. காட்டுக்குள்ள ஒரு கல் ரூபத்துல இருக்கற தெய்வத்தைப் பார்த்ததும் நிம்மதி கிடைக்குது. "தெய்வத்தை எனக்குக் கொடுங்க, பதிலுக்கு இந்த நிலத்தை எடுத்துக்கோங்க"ன்னு ஊர் மக்கள்கிட்ட ஒப்பந்தம் போடறார். வாக்கு மீறினா விளைவு இருக்கும்னு தெய்வம் எச்சரிக்குது. 1970-ல வாரிசு ஒருத்தர் நிலத்தைத் திருப்பிக் கேட்கறார். 1990-ல பண்ணையாரும் வனத்துறையும் ரெண்டு பக்கமும் நெருக்கறாங்க. முதல் படம் இவ்வளவுதான்.

அந்தப் படத்துல தெய்வம் நேர்ல வர்ற நேரம் ரொம்பக் கம்மி. பஞ்சுருளியோட பன்றி உருவம் கனவுல வரும். ஆட்டக்காரர் காட்டுக்குள்ள ஓடி மறைஞ்சு போவார். வந்தது சாமியா, இவங்க நம்பிக்கையான்னு படம் கடைசி வரைக்கும் அடிச்சுச் சொல்லாது. கடைசி இருபது நிமிஷம் நம்மளை உலுக்கினதுக்கு அதுவும் ஒரு காரணம்.

பிரீக்வல் அந்த மறைஞ்ச இடத்துல இருந்துதான் ஆரம்பிக்குது. "அந்த இடத்துல ஏன் மறையறாங்க?" அதுக்கு பதிலா பல நூற்றாண்டு பின்னாடி, கதம்பர் காலத்துக்குப் போறாங்க. ஒரு பக்கம் பாங்க்ரா அரசு, இன்னொரு பக்கம் காட்டு மக்கள், நடுவுல மசாலாப் பொருள் வியாபாரமும் துறைமுகமும். பெர்மேவா ரிஷப் ஷெட்டி, இளவரசி கனகாவதியா ருக்மிணி வசந்த், ராஜாவா நம்ம ஜெயராம். பட்ஜெட், போர்க்களம், கிராஃபிக்ஸ் எல்லாமே பல மடங்கு.

மூணு தரப்பு

பிடிச்சவங்க சொல்றது: இவ்வளவு பெரிய திரையில நம்ம மண்ணு சாமியை இதுக்கு முன்னாடி யாராவது காட்டியிருக்காங்களா? ஹாலிவுட்காரன் தோர், ஓடின்னு காட்டினா கைதட்டறோம், குளிகனைக் காட்டினா மட்டும் "ஓவர் கிராஃபிக்ஸ்"னு சொல்லுவோமா? நியாயமான கேள்விதான். அஜனீஷ் லோக்நாத் இசையும் அர்விந்த் காஷ்யப் ஒளிப்பதிவும் சேர்ந்து வேலை செய்யற இடங்கள்ல படம் நிஜமாவே தூக்குது.

பிடிக்காதவங்க சொல்றது: முதல் படத்துல தெய்வம் வருமா வராதான்னு காத்துக்கிட்டு இருந்தோம். இதுல அழைச்சா வந்துடுது. ஒரு முறை வந்தா அருள், நாலு முறை வந்தா சூப்பர்ஹீரோ. கனகாவதி பாத்திரம் எடுக்கற திருப்பத்தைப் பத்தியும் இவங்களுக்குள்ள விவாதம் இருக்கு. பலமான பெண் பாத்திரம்னு ஒரு குரல், கடைசியில வில்லியாக்கிட்டாங்களேன்னு ஒரு குரல்.

காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு இந்த "மறைவு" விஷயம் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்ல. நம்ம அத்திவரதர் 40 வருஷம் அனந்தசரஸ் குளத்துக்குள்ள இருப்பார். 1979-க்கு அப்புறம் 2019-ல, ஜூலை 1-ல இருந்து ஆகஸ்ட் 17 வரைக்கும் 48 நாள் வெளிய வந்தார். ஊர் தாங்காத கூட்டம். வருஷா வருஷம் வெளிய வந்தா அந்தக் கூட்டம் வருமா? கண்ணுக்குத் தெரியாம இருக்கற அந்த 40 வருஷமும் தரிசனத்துல ஒரு பாகம்தான். பிடிக்காத தரப்போட வாதம் இதே தான்.

மூணாவது தரப்பு ஒண்ணு இருக்கு, நம்ம வாய்ஸ் நோட்ஸ்ல அது வரவே இல்ல. துளு நாட்டுக்காரங்க. தட்சிண கன்னடம், உடுப்பி பக்கம் பூத கோலா இன்னைக்கும் நடக்கற வழிபாடு. நலிகே, பம்பதா, பரவா சமூகத்து ஆட்கள் தலைமுறை தலைமுறையா தெய்வ ஆட்டம் ஆடறாங்க. முதல் படத்தால அவங்களுக்கு ஒரு நல்லதும் நடந்தது: 2022 அக்டோபர்ல கர்நாடக அரசு 60 வயசு தாண்டின தெய்வ நர்த்தகர்களுக்கு மாசம் 2000 ரூபாய் உதவித்தொகை அறிவிச்சது. ஆனா பிரீக்வல் வந்ததும் ரசிகர்கள் தெய்வ வேஷம் போட்டு தியேட்டருக்குள்ள ஆட ஆரம்பிச்சாங்க. துளு நாட்டுல எதிர்ப்பு கிளம்புச்சு. தயாரிப்பு நிறுவனமே "தெய்வத்தை மாதிரி நடிச்சுக் காட்டாதீங்க"ன்னு வேண்டுகோள் வெளியிட வேண்டியதாச்சு. உங்க தெரு மாரியம்மன் கோயில்ல சாமி வந்து ஆடறவங்களை ஒருத்தர் ரீல்ஸ்ல காமெடியா செஞ்சா உங்களுக்கு எப்படி இருக்கும்? அதுதான் அவங்களுக்கும்.

பிரீக்வல் ஒரு மூலப்பத்திரம்

இப்போ நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். வீடோ மனையோ வாங்கப் போனா பேங்க்ல முதல்ல என்ன கேட்பாங்க? மூலப்பத்திரம். உங்களுக்கு வித்தவருக்கு அந்த இடம் எப்படி வந்தது, அவருக்கு முன்னாடி யாரு, அதுக்கு முன்னாடி யாரு. பிரீக்வலும் கதைக்குள்ள அதே வேலையைத்தான் செய்யுது. முதல் படத்துல ஒருத்தர் கையில ஒரு சொத்து இருக்கு: சிம்மாசனம், காடு, மந்திர சக்தி ஏதோ ஒண்ணு. அது அவங்களுக்கு எப்படி வந்ததுன்னு பிரீக்வல் பத்திரம் எழுதுது. பத்திரம் எழுதறதுன்னு வந்துட்டா, யார் எழுதறாங்க, யார் பேருக்கு எழுதறாங்கன்னு கேட்டே ஆகணும்.

இது சும்மா உவமைக்குச் சொல்லல. நம்ம ஊர்லயே கல்லுல இருக்கு. வைகுண்டப் பெருமாள் கோயில் போயிருக்கீங்களா? பழைய பேர் பரமேச்சுர விண்ணகரம். எட்டாம் நூற்றாண்டுல ரெண்டாம் நந்திவர்மப் பல்லவன் கட்டினது. சுத்துச்சுவர் முழுக்க வரிசை வரிசையா சிற்பங்கள். திருமால், பிரம்மான்னு தொடங்கி, பல்லவ வம்சம் எப்படி வந்தது, ஒவ்வொரு ராஜாவா யார் யார் ஆண்டாங்கன்னு காமிக்ஸ் மாதிரி போகும். சில சிற்பங்களோட சேர்த்து கல்வெட்டுக் குறிப்பும் உண்டு.

ஏன் இந்த ராஜாவுக்கு மட்டும் இவ்வளவு நீளமான முன்கதை தேவைப்பட்டது? ஏன்னா இவர் நேர் வாரிசு இல்ல. ரெண்டாம் பரமேஸ்வரவர்மன் வாரிசில்லாம இறந்துட்டார். சிம்மவிஷ்ணுவோட தம்பி பீமவர்மன் வழியில வந்த இரணியவர்மன்கிட்ட போய் "உங்க பிள்ளைகள்ல ஒருத்தரை அனுப்புங்க"ன்னு கேட்கறாங்க. மத்த பிள்ளைகள் மறுக்க, 12 வயசுப் பையன் "நான் போறேன்"னு சொல்றான். அவன்தான் நந்திவர்மன். இந்தக் காட்சியே அந்தச் சுவர்ல இருக்கு. நேர்வழி ராஜாவுக்கு "நான் யாரு தெரியுமா"ன்னு சுவர் முழுக்கச் சொல்ல வேண்டிய அவசியம் இல்ல. கிளை வழியில வந்தவருக்கு இருக்கு. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேல பழசான பிரீக்வல் அது.

கதம்பர்களோட பிரீக்வல்ல வில்லன் யாரு?

இதைவிட சுவாரசியம் ஒண்ணு இருக்கு. 'சாப்டர் 1' கதம்பர் காலத்துல நடக்குதுன்னு சொன்னேன்ல? அந்தக் கதம்பர்களுக்கே ஒரு முன்கதை இருக்கு. அது ஆரம்பிக்கற இடம் நம்ம காஞ்சிபுரம்.

கர்நாடகாவுல சிவமொக்கா மாவட்டத்துல தாளகுந்தான்னு ஒரு ஊர். அங்க அஞ்சாம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. குப்ஜன்னு ஒரு கவிஞர் சமஸ்கிருதத்துல எழுதினது. அது சொல்ற கதை: மயூரசர்மன்ங்கற பிராமண இளைஞர் தன் குரு வீரசர்மனோட காஞ்சிக்குப் படிக்க வர்றார். அப்போ இங்க கடிகைன்னு பேர்போன கல்விச்சாலை இருந்தது. வந்த இடத்துல பல்லவக் குதிரை வீரன் ஒருத்தனோட தகராறு ஆகி, அவமானப்பட்டுப் போறார். புத்தகத்தை வெச்சுட்டு வாளை எடுக்கறார். ஸ்ரீபர்வதக் காட்டுல பதுங்கி பல்லவர்களுக்குத் தலைவலி கொடுக்கறார். அடக்க முடியாம, கடைசியில பல்லவர்களே அவருக்கு ஒரு நிலப்பகுதியைக் கொடுத்து ஏத்துக்கறாங்க. நாலாம் நூற்றாண்டு நடுவுல, வனவாசியைத் தலைநகரா வெச்சு கதம்ப அரசு பிறந்த கதை இது. 1975-ல ராஜ்குமார் நடிச்ச கன்னடப் படம் 'மயூரா'வுக்கும் இதுதான் கரு.

கவனிச்சீங்களா? அந்தப் பத்திரத்துல வில்லன் நம்ம ஊரு. சின்ன வயசுல இருந்து நமக்குச் சொல்லித் தந்தது, காஞ்சி கல்வியில கரையில்லாத ஊரு, நாலா பக்கமும் இருந்து படிக்க வந்தாங்கன்னு. வந்த ஒரு மாணவன் எப்படித் திரும்பிப் போனான்ங்கற வரி நம்ம பக்கப் பத்திரத்துல இல்ல, அவங்க பக்கத்துல மட்டும் இருக்கு. நான் இன்ஜினியரிங் படிக்கும்போது இதைக் கேள்விப்பட்டதே இல்ல. ஒரே சம்பவம்தான், எழுதினவர் கை மாறினா ஹீரோ மாறிடறார்.

ஒரு மனைக்கு டபுள் டாகுமெண்ட்

உலக சினிமாவுல இதுக்கு சூப்பர் உதாரணம் 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்'. 1939-ல வந்த கிளாசிக் ஃபேண்டஸி. அதுல பச்சை முகத்தோட ஒரு சூனியக்காரி வருவா. ஏன் கெட்டவள்? கேட்கக் கூடாது, கெட்டவள்னா கெட்டவள்தான். 2013-ல டிஸ்னி 'ஓஸ் தி கிரேட் அண்ட் பவர்ஃபுல்'னு ஒரு பிரீக்வல் எடுத்தாங்க. அதுல அவ காதல்ல ஏமாந்து, மந்திர ஆப்பிளைக் கடிச்சு அப்படி ஆயிடறா. 2024-ல வந்த 'விக்கெட்', 1995-ல வந்த கிரெகரி மக்வயர் நாவல்ல இருந்து பிராட்வே மேடை வழியா வந்த கதை. அதுல அவ பிறக்கும்போதே பச்சை. நல்லவ. அதிகாரத்தை எதிர்த்துக் கேள்வி கேட்டதால "கெட்டவள்"னு முத்திரை குத்திட்டாங்க.

ஒரே மனை, ரெண்டு மூலப்பத்திரம். ரியல் எஸ்டேட்ல இதுக்குப் பேரு டபுள் டாகுமெண்ட். சினிமாவுல யாரும் கோர்ட்டுக்குப் போகல, ஜனங்களே தீர்ப்பு சொல்லிட்டாங்க. 2013 படத்தை இன்னைக்கு அதிகம் பேர் பேசறதில்ல, 'விக்கெட்' உலகம் முழுக்க ஓடுச்சு. ரெண்டுமே விளக்கம்தான். முதல் விளக்கம் அந்தப் பாத்திரத்தைச் சின்னதாக்குச்சு. ரெண்டாவது விளக்கம் பழைய படத்தையே வேற கண்ணோட திரும்பப் பார்க்க வைக்குது.

அப்போ 'சாப்டர் 1' எந்தப் பக்கம்?

என் கருத்தைச் சொல்றேன், ஒத்துக்கணும்னு இல்ல.

படமா பார்த்தா, முதல் படம்தான் எனக்குப் பெருசு. மறைவா இருந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்ததுல ஒரு நஷ்டம் இருக்கு. நம்ம ஊர்ல கோர்வைப் புடவை நெய்யும்போது உடலும் கரையும் தனித்தனி நாடாவுல ஓடும். ரெண்டும் பிடிச்சுக்கற இடத்துலதான் நெசவாளியோட கை தெரியும். 'சாப்டர் 1'-ல கரை ஜொலிக்குது. ஆனா உடலோட பிடிக்கற இடம் அங்கங்க தளர்வு.

பத்திரமா பார்த்தா, என் தீர்ப்பு தலைகீழ். முதல் படத்துல மக்களோட உரிமை எங்க இருந்து வருது? 1847-ல ராஜா கொடுத்தார். தானப் பத்திரம். கொடுத்தவரோட வாரிசு "எங்க தாத்தா கொடுத்தது, திருப்பிக் கொடு"ன்னு கேட்கறதுக்கு அதுலயே வழி இருக்கு. முழுக்கதையும் அந்த ஓட்டையிலதான் ஓடுது. பிரீக்வல் என்ன செய்யுது? அந்த ராஜா பிறக்கறதுக்குப் பல நூற்றாண்டுக்கு முன்னாடியே காடும் இருக்கு, காட்டு மக்களும் இருக்காங்க, அந்தக் காட்டுமேல அரசர்கள்தான் கண் வெக்கறாங்கன்னு காட்டுது. அதாவது 1847-ல ராஜா கொடுத்தது அவரோட சொத்தே இல்ல. முதல் படத்தோட அடிப்படையையே இது மாத்துது. கிராஃபிக்ஸ் சண்டைக்கு நடுவுல இந்த விஷயம் பலர் கண்ணுல படாமப் போச்சு.

இது வெறும் சினிமா லாஜிக் இல்ல. 2006-ல வந்த வன உரிமைச் சட்டத்தைப் பாருங்க. பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன்னாடி இருந்தே அந்த வன நிலத்துல இருந்திருக்கணும். பழங்குடி அல்லாத மத்த வனவாசிகளா இருந்தா மூணு தலைமுறையா, அதாவது 75 வருஷமா அங்க இருக்கோம்னு நிரூபிக்கணும். காட்டுல வாழறவங்ககிட்ட பட்டா எங்க இருக்கும்? அதனால விதிகள்லயே சொல்லியிருக்காங்க: ஊர்ப் பெரியவங்க சொல்ற வாக்குமூலத்தை எழுதிக்கிட்டா அது ஆதாரம். பழைய கிணறு, சுடுகாடு, வழிபாட்டு இடம் எல்லாம் ஆதாரம். அதாவது, "இந்தக் கல்லுலதான் எங்க பாட்டன் காலத்துல இருந்து சாமி இருக்கு"ன்னு ஒரு பாட்டி சொல்ற கதை, சட்டப்படி ஒரு காகிதம்.

இப்போ யோசிங்க. முன்கதை நமக்குப் பொழுதுபோக்கு. நாம டிக்கெட் வாங்கி, பாப்கார்ன் சாப்பிட்டு, "லேக் ப்ரோ"ன்னு சொல்லிட்டுப் போயிடலாம். அந்தக் காட்டுல நிஜமா இருக்கறவங்களுக்கு முன்கதைதான் வீடு. துளு நாட்டுக்காரங்க கோபப்பட்டதை நான் இப்படித்தான் புரிஞ்சுக்கறேன்: எங்க மூலப்பத்திரத்தை எடுத்துப் பெரிய திரையில படிச்சீங்க, சந்தோஷம், அதை விசிறியா மடிச்சு ஆட்டாதீங்க.

அதனால அடுத்த முறை எந்த பிரீக்வல் வந்தாலும் மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. முதல் படம் நிஜமாவே விட்டுட்டுப் போன கேள்விக்கு இது பதில் சொல்லுதா? இந்தப் பதில் தெரிஞ்ச பிறகு பழைய படம் பெருசாகுதா, சின்னதாகுதா? இது யார் பேர்ல எழுதின பத்திரம்? இந்த மூணுக்கும் உங்க பதில் வேற, என் பதில் வேறன்னா தாராளமா சண்டை போடலாம். அது வெறும் "நல்லாயிருக்கு, நல்லால்ல" சண்டையைவிட உருப்படியா இருக்கும்.

காஞ்சிபுரம் வர்றவங்க பட்டுக்கடை, வரதராஜர், காமாட்சி எல்லாம் பார்த்து முடிச்சதும் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. மணற்கல் சிற்பம், முகங்கள் தேய்ஞ்சுகிட்டே வருது. அந்த 12 வயசுப் பையனைத் தேடிக் கண்டுபிடிங்க. உங்க ஊர் கோயில்லயோ குடும்பத்துலயோ இப்படி ரெண்டு விதமா சொல்லப்படற முன்கதை இருந்தா, ஒரு நிமிஷத்துக்குள்ள வாய்ஸ் நோட் அனுப்புங்க. நல்லதைச் சேர்த்து ஒரு எபிசோடா போடலாம்.